ரெஃப்ரெஷர் கோர்ஸா, கூடவே ஒரு ஆளா, பிஎச்டி-லயே பயிற்சியா? சயின்ஸ் வாத்தியாருக்கு எது உதவும்

ஆறாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கணும்னா பி.எட் மாதிரி ஒரு ஆசிரியர் பயிற்சி வேணும். ஆனா பி.எஸ்சி பசங்களுக்கு எடுக்க எம்.எஸ்சி-யோட நெட், செட் தகுதித் தேர்வு இல்லனா பிஎச்டி இருந்தா போதும், ஒரு நாள் கூட வகுப்புல நின்னு பழகியிருக்கணும்னு யாரும் கேக்கறதில்ல. நானும் அப்படித்தான் பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல சேர்ந்தேன், சேர்ந்த வாரமே முதல் வருஷ மெக்கானிக்ஸ் கையில குடுத்துட்டாங்க, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க சார் எனக்கு எடுத்த மாதிரி போர்டு நிறைய டெரிவேஷன் போடறது தான்.

இதை சரி பண்ண உலகத்துல மூணு வழி நல்லா முயற்சி பண்ணிப் பார்த்திருக்காங்க.

முதல்ல குறுகிய பயிற்சி. நம்மூர்ல 1986 கல்விக் கொள்கைக்கு அப்புறம் காலேஜ் ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்க அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் வந்துச்சு, இப்போ 2023-லேர்ந்து மாளவியா மிஷன்ங்கற பேர்ல நடக்குது, ரெண்டு வார ரெஃப்ரெஷர், ப்ரொமோஷனுக்கும் அது வேணும். அமெரிக்காவுல புதுசா சேர்ற பிசிக்ஸ் ஆசிரியர்களுக்குன்னே 1996-லேர்ந்து சில நாள் வொர்க்‌ஷாப் நடத்தறாங்க. செலவு கம்மி, நிறைய பேருக்குப் போய்ச் சேரும்.

நான் போன பயிற்சியில தான் ஹார்வர்டு பிசிக்ஸ் ப்ரொஃபசர் எரிக் மாஸூரோட பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன், அதாவது பசங்களே ஒருத்தருக்கொருத்தர் பேசிக் கத்துக்கற முறை பத்தி முதல் தடவை கேட்டேன். திரும்பி வந்து உடனே பண்ணிப் பார்த்தேன். நியூட்டனோட மூணாவது விதி முந்தின நாள் தான் நடத்தி முடிச்சது, கேட்டா எல்லாரும் அப்படியே ஒப்பிப்பாங்க. நின்னுட்டிருக்கற ஆட்டோ மேல லாரி மோதுது, எது மேல விசை அதிகம்னு கேட்டு கை தூக்கச் சொன்னேன், முக்கால்வாசி பேர் ஆட்டோ மேலன்னாங்க. பதில் சொல்லாம, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசுங்கன்னு விட்டேன். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு "அப்போ ஆட்டோ மட்டும் ஏன்டி தூக்கி வீசப்படுது?"ன்னு சண்டை போடறா, பக்கத்துல இருந்தவ நோட்டுல ரெண்டு அம்புக்குறி ஒரே நீளத்துக்கு வரைஞ்சு "விசை சமம் தான், ஆட்டோவுக்கு நிறை கம்மி, அதான் முடுக்கம் ஜாஸ்தி"ங்கறா. அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆனா மூணே வாரம் தான். நல்ல கேள்வி ஒண்ணு எழுதவே ஒரு மணி நேரம் ஆச்சு, போர்ஷன் பின்தங்குச்சு, சந்தேகம் கேக்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தரும் இல்ல, மறுபடி டெரிவேஷனுக்கே போயிட்டேன். எனக்கு மட்டும் இப்படி ஆகல. அமெரிக்க பிசிக்ஸ் ஆசிரியர்கள் 722 பேரை வச்சு 2012-ல வந்த ஆய்வுல, புது முறையைப் பண்ணிப் பார்த்தவங்கள்ல மூணுல ஒருத்தர் கைவிட்டிருக்காங்க. அதுக்கு முந்தின வருஷம் பயாலஜி ஆசிரியர்களை வச்சு ஒண்ணு வந்துச்சு, பயிற்சி முடிச்சவங்கள்ல 10-ல கிட்டத்தட்ட 9 பேர் நாங்க மாறிட்டோம்னு சொன்னாங்க, வகுப்பை வீடியோ எடுத்துப் பார்த்தா நாலுல மூணு பேர் லெக்சர் தான் அடிச்சிட்டிருந்தாங்க. அவங்க பொய் சொல்லல, உண்மையிலேயே மாறிட்டோம்னு தான் நினைச்சிருக்காங்க.

ரெண்டாவது வழி தான் என்னை ரொம்ப ஈர்த்தது. 2001-ல பிசிக்ஸ் நோபல் வாங்கின கார்ல் வைமன் 2006-ல கொலராடோவுலயும் 2007-ல கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டியிலயும் ஆரம்பிச்சது. ஆசிரியரை எங்கேயும் அனுப்ப மாட்டாங்க, அதே சப்ஜெக்ட்ல பிஎச்டி முடிச்ச ஒருத்தரை கற்பித்தல் ஆய்வுலயும் பழக்கி டிபார்ட்மெண்ட்லயே உட்கார வைப்பாங்க, அவர் ஆசிரியர் கூட உட்கார்ந்து இந்தக் கோர்ஸ் முடிச்சா பசங்களுக்கு என்ன செய்ய வரணும்னு எழுதறதுலேர்ந்து கேள்வி தயார் பண்றது, வகுப்புல கூட நின்னு பார்க்கறது, டெஸ்ட் வச்சு சரிபார்க்கறது வரைக்கும் கூடவே இருப்பார். நான் மூணாவது வாரத்துல விட்டேனே, அந்த இடத்துல பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் இருக்கு, அது தான் வித்தியாசம்.

பலன் என்னன்னு கேட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவுல பண்ண ஒரு சோதனை 2011-ல வெளியாச்சு. 270 பேர் அளவுல ரெண்டு பெரிய வகுப்பு, ஒரே வாரம், ஒரே பாடம் மின்காந்த அலைகள். ஒண்ணுல நல்ல பேர் எடுத்த அனுபவசாலி லெக்சர் எடுத்தார், இன்னொண்ணுல அனுபவம் இல்லாத ஆனா இந்த முறையில பழகின போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்சுட்டு ஆராய்ச்சியில இருக்கறவர். டெஸ்ட் வச்சா லெக்சர் வகுப்பு 41 சதவீதம், மத்தது 74. ஒரு வாரக் கணக்கு தான், ஒரு செமஸ்டருக்கே இப்படி இருக்கும்னு சொல்லிட முடியாது, இருந்தாலும் சின்ன வித்தியாசம் இல்ல.

குறை, பணம். கொலராடோவுல மட்டும் 50 லட்சம் டாலர் ஒதுக்கினாங்க. ஹெச்ஓடி மனசு வைக்கலனா இது நகராது.

மூணாவது, ஆசிரியர் ஆகறதுக்கு முன்னாடியே பிடிக்கறது. அமெரிக்காவுல 2003-ல விஸ்கான்சின் மேடிசனை மையமா வச்சு ஆரம்பிச்ச சர்ட்டில் நெட்வொர்க் பிஎச்டி மாணவர்களையும் போஸ்ட்டாக்கையும் தயார் பண்ணுது. லேப்ல எப்படி ஒரு கேள்வி கேட்டு டேட்டா எடுப்போமோ அதே மாதிரி தன் வகுப்பையே ஆராய்ச்சியா பார்க்கச் சொல்றாங்க, சயின்ஸ் ஆளுங்களுக்கு இது சட்டுன்னு பிடிபடும். பழக்கம் ஊறறதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுக்கறதால மாத்த வேண்டியதே கம்மி. ஆனா பலன் தெரிய வருஷக்கணக்கா ஆகும், சேர்ற டிபார்ட்மெண்ட் பழைய மாதிரியே இருந்தா தனி ஆளா என்ன பண்ணுவாங்க?

ரெஃப்ரெஷரை மட்டும் நம்பி இருக்கறது எனக்கு சரியா படல. காசு இருந்தா கண்ணை மூடிட்டு ரெண்டாவது வழி. காசு இல்லாத நம்ம காலேஜ்கள்ல ரெண்டையும் மூணையும் சேர்த்துக்கலாம், ஏன்னா 2022 யுஜிசி பிஎச்டி விதியிலயே ஸ்காலர்கள் கற்பித்தல் பயிற்சி எடுக்கணும்னு இருக்கு, வாரம் 4-லேர்ந்து 6 மணி நேரம் ட்யூட்டோரியல், லேப் வேலை குடுக்கலாம்னும் இருக்கு. அந்த நேரத்துல பேப்பர் திருத்த மட்டும் விடாம, ஆசிரியர் கூட உட்கார்ந்து கேள்வி எழுத வைக்கலாமே.

நாங்க ஒரு சின்ன அளவுல ஆரம்பிச்சிருக்கோம். கோபஸ்னு ஒரு கவனிப்புத் தாள் இருக்கு, 2013-ல வந்தது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆசிரியர் என்ன பண்றார் பசங்க என்ன பண்றாங்கன்னு டிக் போடணும். எங்க பிஎச்டி ஸ்காலர் பொண்ணு பின்னாடி உட்கார்ந்து என் வகுப்புக்குப் போட்டா, 50 நிமிஷம், 25 கட்டம். பாதி நேரம் பசங்க தான் பேசறாங்கன்னு நான் நினைச்சிட்டிருந்தேன், தாளைப் பார்த்தா 21 கட்டத்துல நான் பேசிட்டிருக்கேன். அடுத்த வாரத்துக்கு வேலை-ஆற்றல் பாடத்துல நாலு கேள்வி அவளே எழுதிட்டு வந்திருக்கா, அவ ட்யூட்டோரியல் எடுக்கும்போது தாளை வச்சுட்டு பின்னாடி உட்காரப் போறது நான்.