38,000 ரூபா எலெக்ட்ரிக் கிற்றார்: வாங்கலாமா, மேலே காசு போடலாமா?

எலெக்ட்ரிக் கிற்றார் பழக வருகிற பிள்ளைகளிடமிருந்து இரண்டு கேள்விகள் ஓயாமல் வரும். மலிவான கிற்றார் வாங்கலாமா? வாங்கிவிட்டுப் பிறகு உள்ளே இருக்கிற சாமான்களை மாற்றினால் நல்ல கிற்றார் ஆகிவிடுமா? நான் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வீட்டில் வைத்துப் பழக்குகிறேன். கலியாண வீடுகளில் பைலாவுக்கும் கோயிலில் பாடகர் குழுவோடும் வாசிக்கிறேன். எங்கள் பக்கம் கிற்றார் திருத்துகிறவர்கள் குறைவு என்பதால் அந்த வேலையும் என்னிடம் வந்து சேரும். ஆகவே மலிவுக் கிற்றார்கள் நிறையக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன்.

என்னிடம் பழகும் பொடியன் ஒருவன் அண்மையில் வாங்கி வந்ததை வைத்தே சொல்கிறேன். விலை 38,000 ரூபா. தலையில் இருக்கிற பெயர் நான் அதுவரை கேள்விப்படாதது. வடிவம் என்னவோ எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி. மூன்று சிங்கிள் கொயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்குகிற, ஒற்றைச் சுருள் சுற்றிய துண்டு), ஐந்து நிலைச் சுவிட்ச், பின்பக்கம் ஸ்பிரிங் போட்ட ட்ரெமொலோ பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற உலோகத் துண்டு, கைப்பிடியால் அசைத்து ஸ்ருதியை ஆட்டலாம்). மெல்லிய துணிப்பை ஒன்றும் வயர் ஒன்றும் கூடவே கொடுத்திருந்தார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கிற நீண்ட கழுத்து, நேராக இருந்தால் தாராளமாக வாங்கலாம். நெக் முறுகியிருந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

மற்ற எல்லாம் மாற்றக்கூடிய சாமான். பிக்கப் மாற்றலாம், கம்பியை முறுக்கி ஸ்ருதி சேர்க்கிற சாவி மாற்றலாம், பிரிட்ஜ் மாற்றலாம். முறுகிய நெக்கை நிமிர்த்துகிற செலவில் இன்னொரு கிற்றார் வாங்கிவிடலாம். முன்னுக்கோ பின்னுக்கோ வளைந்திருப்பது வேறு விஷயம். உள்ளே ஓடுகிற ட்ரஸ் ரொட் கம்பியை அலன் கீயால் கால் சுற்று திருப்பி, ஒரு இரவு விட்டுப் பார்த்தால் அநேகமாகச் சரி வந்துவிடும். கடையில் கையில் எடுத்ததும் தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நெக்கின் இரண்டு ஓரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு ஓரம் நேராகவும் மற்றது சரிந்தும் தெரிந்தால் அது முறுக்கு. அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (நெக்கின் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டு) ஒரு தடவை அமர்த்தித் தட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் கிர்ரென்றால் ஒரு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. அதைத் தட்டி இருத்தலாம். பத்து இடத்தில் கிர்ரென்றால் வைத்துவிட்டு வாருங்கள். கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பிக்கிறவர்களுக்கு இந்தச் சோதனை எதுவும் செய்ய வழியில்லை. அதனால் ஊருக்குள் தொட்டுப் பார்த்து வாங்குவதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை என்பேன்.

பொடியனின் கிற்றாருக்கு நெக் நேர். உடல் வழமையை விட மெல்லியது, அதனால் பாரம் குறைவு. கலியாண வீட்டில் நாலு மணித்தியாலம் நின்று வாசிக்கிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மெல்லிய உடலுக்குள் பிரிட்ஜுக்கு அடியில் இருக்கிற முழு அளவு ட்ரெமொலோ புளொக் என்கிற உலோகக் கட்டி அடங்காது, பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பிரிட்ஜ் மாற்றப் போகிறவர்கள் வாங்குவதற்கு முன் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்க் காற்று இந்தக் கிற்றார்களைப் படாத பாடு படுத்தும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், ஃப்ரெட் உலோகம் சுருங்காது. நெக்கின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு, கையை மேலும் கீழும் நகர்த்தும்போது விரலைக் கீறும். விலை கூடிய கிற்றார்களில் முனைகளை உருட்டி அரைத்து விடுவார்கள். மலிவில் அந்த வேலைக்கு நேரம் செலவழிப்பதில்லை. நெக்கின் ஓரத்துக்கு டேப் ஒட்டிவிட்டு, சின்ன அரத்தால் ஒவ்வொரு முனையையும் சரித்து, நுண்ணிய சான்ட் பேப்பரால் மினுக்கினால் ஒரு பின்னேரத்தில் முடியும் வேலை. செலவு இல்லை. ஆனால் கிற்றாரைக் கையில் எடுத்தவுடன் "விலை கூடின சாமான் போல" என்று சொல்ல வைப்பது இந்த ஒரு வேலைதான்.

மாரியில் இன்னொரு தொல்லை. மழையும் உப்புக்காற்றும் சேர்ந்து பிரிட்ஜில் இருக்கிற சின்னச் சின்ன ஸ்குரூக்களில் கறள் பிடித்துவிடும். கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்த ஸ்குரூக்கள் ஒருமுறை இறுகினால் அலன் கீயின் மூலை மழுங்கும், ஸ்குரூ அசையாது. வாங்கிய அன்றே ஒவ்வொன்றையும் கழற்றி, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைப்பதையும் பழக்கமாக்க வேண்டும். கடற்கரையோரம் குடியிருக்கிறவர்கள் கிற்றாரைச் சுவரில் தொங்கவிடாமல் பைக்குள் வைப்பது நல்லது.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கிற இடம்: நட். தலைப்பக்கத்தில் கம்பிகள் ஏறி இறங்குகிற அந்தச் சின்ன வெள்ளைத் துண்டு. மலிவுக் கிற்றாரில் அது பிளாஸ்டிக், பல வேளை அடிப்பக்கம் கோறையாக இருக்கும். பள்ளங்களை ஆழமாக வெட்டாமல் விட்டிருப்பார்கள். அதனால் முதல் ஃப்ரெட்டில் கம்பி மிக உயரத்தில் நிற்கும். எஃப் கோட் (பல கம்பிகளை ஒரே விரலால் அமர்த்துகிற ஸ்வரக்கூட்டு) பிடிக்கத் தெரியாமல் அழுகிற பிள்ளைகளில் எத்தனை பேருடைய கிற்றாரில் நட்தான் குற்றவாளி என்று பார்த்தால் மனம் நோகும். சோதிக்க எளிய வழி உண்டு. கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அமர்த்துங்கள், முதல் ஃப்ரெட்டுக்கு மேலே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். ஒரு மெல்லிய தாளின் தடிப்புக்கு இருந்தால் போதும். அங்கே ஒரு தீக்குச்சி நுழைகிறது என்றால் பிள்ளையின் விரலில் பிழை இல்லை.

ஸ்ருதி கலைவதற்கும் நட்தான் பெரும்பாலும் காரணம். சாவியைத் திருப்பும்போது நட்டுக்குள்ளிருந்து "டிக்" என்று ஒரு சத்தம் வந்து, ஸ்ருதி சட்டென்று பாய்ந்தால், கம்பி பள்ளத்துக்குள் சிக்கி விடுபடுகிறது என்று அர்த்தம். சாவி கூடாது என்று நினைத்துப் புதுச் சாவி ஒரு செட் வாங்கிப் போடுகிறார்கள்; போட்ட பிறகும் அதே டிக். பொடியனின் கிற்றாரிலும் இதே கதைதான்.

நான் மாட்டெலும்பில் நட் செய்வேன். இறைச்சிக் கடையில் வாங்கிய எலும்பை அவித்து, கொழுப்புப் போகும்வரை சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, நன்றாக வெயிலில் காய வைத்து, துண்டாக அறுத்து அரத்தால் வடிவாக்க வேண்டும். அராவும்போது பல் டொக்டர் பல்லைக் குடைகையில் வருகிற அதே மணம் வரும். தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளி விறாந்தையில்தான் இருந்து செய்வேன். தடித்த மூன்று கம்பிகளுக்கும் பள்ளம் வெட்டப் பழைய கம்பித் துண்டையே வாள் மாதிரி இழுத்து இழுத்து வெட்டலாம், அளவு அப்படியே பொருந்தும். கடைசியில் பள்ளத்துக்குள் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடும். நட் மாறிய பிறகு அந்தக் கிற்றாரின் பழைய சாவிகளே ஸ்ருதியை ஒழுங்காகப் பிடித்து நிற்கின்றன. சாவிக்கு ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

ட்ரெமொலோவை நான் இறுக்கிவிட்டேன். பின்னால் ஐந்து ஸ்பிரிங்கும் போட்டு பிரிட்ஜை உடலோடு படிய வைத்தாயிற்று. பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்துக்கும் கோயில் பாட்டுக்கும் அந்தக் கைப்பிடியால் ஒரு உபயோகமும் இல்லை. கம்பி 9–42 அளவில் (மிக மெல்லியது 0.009 அங்குலம், மிகத் தடித்தது 0.042) புதிதாக, 12ஆம் ஃப்ரெட்டில் உயரம் 1.6 முதல் 2 மில்லிமீற்றருக்குள்.

பிக்கப் விஷயத்தில் பலர் என்னோடு உடன்பட மாட்டார்கள், பரவாயில்லை. பொடியன் வந்த அன்றே கேட்டான்: "சேர், கோயில்ல வாசிக்கக்குள்ள சத்தம் மந்தமா கேக்குது. பிக்கப் மாத்தினா சரி வருமா?"

"மனே, முதல்ல வயர எங்க குத்தியிரிக்காய் எண்டு சொல்லு."

நேரே சவுண்ட் மிக்சரில் குத்தியிருந்தான். எங்கள் கோயில்களிலும் மண்டபங்களிலும் அநேகமாக இப்படித்தான் நடக்கிறது. கிற்றார் பிக்கப் என்பது மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய காந்தம். அதிலிருந்து வருகிற சமிக்ஞை மிக மெலிது. அதை வாங்குகிற இடத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் ஓம் தடை இருக்க வேண்டும். கிற்றாருக்கென்றே செய்த ஒலிபெருக்கியான ஆம்பில் அப்படித்தான் இருக்கும். மிக்சரின் லைன் துளையிலோ வழமையாக 10,000 ஓம் அளவுதான். அந்தப் பாரத்தில் மேல் ஸ்வரங்களின் மினுக்கம் எல்லாம் விழுங்கப்பட்டுவிடும். ஒரு இலட்சம் ரூபா பிக்கப் போட்டாலும் அந்தத் துளைக்குள் மந்தமாகத்தான் கேட்கும். நடுவில் ஒரு டி.ஐ. பெட்டி (கிற்றாரின் சமிக்ஞையை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி) வைத்தால் அந்தக் குறை தீரும். வீட்டில் அதே கிற்றாரை என் ஆம்பில் குத்தித் தட்டியதும் பொடியனின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும்.

மலிவுப் பிக்கப்களில் இரும்புக் குச்சிகளுக்கு அடியில் ஒரு செராமிக் காந்தம் ஒட்டியிருக்கும்; விலை கூடியவற்றில் அல்னிகோ என்கிற உலோகக் கலவைக் குச்சிகளே காந்தம். செராமிக்கின் ஓசை கொஞ்சம் கூர். பைலாவுக்குத் தாளம் அடிக்கிறவனுக்கு அந்தக் கூர்மை நல்லது, வயலினும் ரபானும் நிறைந்த கூட்டத்துக்குள்ளும் கிற்றார் தனியே கேட்கும். கூர்மை கூடிவிட்டால் பிக்கப்பின் இரண்டு பக்க ஸ்குரூவையும் திருப்பிக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை.

வயரிங்கில் மட்டும் கை வைத்தேன். வயர் குத்துகிற, தளர்ந்த ஜாக்கை மாற்றினேன், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பொட்களுக்கு கொன்டாக்ட் கிளீனர் அடித்தேன், இரைச்சல் குறைய உட்குழிக்குச் செப்பு டேப் ஒட்டினேன். பின்பக்க ஸ்பிரிங் தகட்டில் ஈயம் பிடித்திருந்த பூமி வயர் விட்டுப்போயிருந்தது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறையாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறதா? அந்த வயரைப் பாருங்கள். மிச்சம் இருக்கிற மெல்லிய இரைச்சல் சிங்கிள் கொயிலின் இயல்பு.

கம்பி, ஜாக், டேப், கிளீனர் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாவுக்குள் முடிந்தது. ஆக 45,000க்கு ஒரு நம்பகமான கிற்றார். இதற்கு மேல் இதில் காசு போடவேண்டாம் என்று பொடியனுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் விற்கப்போகும் நாளில் போட்ட சாமானுக்கு யாரும் விலை தரமாட்டார்கள். சாவி, பிக்கப், பிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் மாற்ற வைத்திருக்கிற காசு கிற்றாரின் விலையைத் தொடுகிறது என்றால், ஒரு பாவித்த யமஹா பசிபிக்காவையோ ஸ்குவையரையோ தேடுங்கள். பசிபிக்கா 112விக்கு உடல் அல்டர் மரம், பிக்கப் அல்னிகோ 5. மாற்றுவதற்கு ஒன்றும் இராது. ஸ்குவையர் என்பது ஃபெண்டர் 1965இல் வாங்கிய ஒரு பழைய கம்பிக் கொம்பனியின் பெயர், 1982 முதல் விலை குறைந்த கிற்றார்களுக்கு அதைப் போடுகிறார்கள். இரண்டும் திரும்ப விற்கும்போது விலை பேசக்கூடிய பெயர்கள்.

பொடியன் பிக்கப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த காசில் இப்போது டி.ஐ. பெட்டி ஒன்று பார்க்கிறான்.