நான் வாங்கிய டீசலும் மச்சான் வாங்கிய பெட்ரோலும்

2022 தொடக்கத்தில் எங்கள் குடும்பத்துக்குள் ஒரே மாதத்தில் இரண்டு பழைய சொகுசு எஸ்யூவிகள் வந்தன. ஒரே ஜெர்மன் கம்பெனி, ஒரே மாடல், இரண்டுமே 2020 பதிவு, பிஎஸ்6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பட்ட பாடு எந்தக் கம்பெனி டீசலிலும் வரக்கூடியதுதான். நான் வாங்கியது டீசல், 46 லட்சம். என் மனைவியின் அண்ணன், பொள்ளாச்சி மச்சான், வாங்கியது பெட்ரோல், 43 லட்சம். இரண்டு பேருமே தப்பான வண்டியை வாங்கிவிட்டோம் என்று புரிய இரண்டரை வருடம் ஆனது.

நான் டீசல் வாங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எஸ்யூவி என்றாலே டீசல்தான் என்று கேட்டு வளர்ந்தவன். 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் வரை வித்தியாசம் இருந்தது. அந்தக் காலம் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். இடைவெளி சுருங்கிச் சுருங்கி இன்று எட்டு, ஒன்பது ரூபாயில் நிற்கிறது. என் தலைக்குள் இருந்த கணக்கு மட்டும் பழைய கணக்கு.

மச்சானுக்கு டெல்லி பயம். 10 வருடம் ஆன டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதையும், உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதிசெய்ததையும் படித்துவிட்டு, "நாளைக்கு இங்கயும் வந்துரும் மாப்ளே" என்றார். அந்த உத்தரவு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதிக்கும்தான். நம் ஊரில் சொந்த உபயோகக் கார் எதுவானாலும் பதிவு 15 வருடம், அப்புறம் எஃப்சி பார்த்து ஐந்து வருடம் நீட்டிக்கலாம். சொன்னேன், கேட்கவில்லை.

இப்போது ஓட்டத்தைப் பாருங்கள். என் வீடு பீளமேடு, அலுவலகம் லட்சுமி மில்ஸ் பக்கம். ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. மச்சானுக்குப் பொள்ளாச்சியில் தென்னை நார் தொழிற்சாலை. வாரத்தில் மூன்று நாள் கோவை, ஒரு நாள் கொச்சி துறைமுகம். எனக்கு நகரத்துக்குள் வருடம் 6,000 கிலோமீட்டர், அவருக்கு 26,000. ஐந்து கிலோமீட்டர்காரன் டீசலையும் நெடுஞ்சாலைக்காரர் பெட்ரோலையும் வாங்கி வைத்திருந்தோம்.

முதல் வருடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. 400 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1750 சுற்று சுற்றும்போதே. ஏழு பேரின் சாமானை ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியபோது வண்டி ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது அவினாசி ரோட்டில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. 10 கிலோமீட்டர் மேம்பாலம், 2025 அக்டோபரில்தான் திறந்தார்கள். அதுவரை பீளமேட்டிலிருந்து லட்சுமி மில்ஸ் போவது என்றால் முதல் கியர், இரண்டாம் கியர், நிற்பது, மறுபடி முதல் கியர். சில நாள் அலுவலகத்தில் இறங்கியதும் வண்டிக்குள்ளிருந்து ஒரு காந்தல் வாசம் வரும். சாவியை எடுத்த பிறகும் முன்னால் மின்விசிறி விர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். சிக்னலில் நிற்கும்போது சுற்று கொஞ்சம் கூடியே இருக்கும். வெயில் காலம் என்று விட்டுவிட்டேன்.

2023 ஜூனில் ஒரு காலை, நவஇந்தியா சிக்னல் தாண்டும்போது டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு வந்தது. வண்டி 40-க்கு மேல் போக மறுத்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் அடித்த ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது.

ஷோரூமுக்குப் போகாமல், ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் வெளி மெக்கானிக் ஒருவரிடம் போனேன். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எஞ்சின் ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்தார். நடுவில் கறுப்பு வட்டம். அதைச் சுற்றி மெல்ல மெல்ல ஒரு வெளிறிய வளையம் பரவியது. "மோந்து பாருங்க" என்று நீட்டினார். டீசல் வாசம்.

"சார், வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க. நீங்கதான் ஓட்டறதே இல்ல."

அவர் விளக்கியது இதுதான். புகைபோக்கி வழியில் டிபிஎஃப் என்று தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி இருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரளவு நிறைந்ததும் எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி பக்கம் சூடாக்கி, கரியை எரித்துவிடும். அதற்குக் கால் மணி, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நான் மோந்த காந்தல் வாசமும் ஓயாத மின்விசிறியும் அந்த எரிப்பு நடந்துகொண்டிருந்ததற்கான அடையாளம். ஒவ்வொரு தடவையும் பாதியில் சாவியை எடுத்துக் கெடுத்திருக்கிறேன். எரியாத கரி வடிகட்டியிலேயே தங்கியது, எரிக்கத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்தது.

எந்திரத்தை வைத்துக் கட்டாயமாக எரிக்க வைத்து, ஆயிலும் மாற்றி 24,000 ரூபாய். "வாரத்துல ஒருக்கா பெருந்துறை வரைக்கும் போயிட்டு வாங்க, பாட்டுக் கேட்டுட்டே" என்றார். இரண்டு மாதம் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை வெட்டி இல்லாமல் நீலாம்பூரில் ஏறி, கணியூர் டோல், விஜயமங்கலம் டோல் இரண்டிலும் காசு கட்டிப் பெருந்துறையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவது. வண்டிக்கு வாக்கிங் கூட்டிப் போகிற மாதிரி. மூன்றாவது மாதம் விட்டுப்போனது. 2024 மார்ச்சில் மறுபடி விளக்கு. இந்தத் தடவை வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய 45,000. புதிதாகப் போட்டால் மூன்று லட்சத்துக்குப் பக்கம் என்றார்கள்.

தெரிந்தவர் ஒருவர் இன்னொரு வழி சொன்னார்: உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிவிடலாம், 60,000-தான் ஆகும். நிறைய வண்டிகளில் செய்கிறார்கள் என்பது உண்மை. அது சட்ட விரோதம், பின்னால் வருபவன் முகத்தில் கரியைத் துப்புகிற வேலை. வேண்டாம் என்றுவிட்டேன்.

அதே சமயம் மச்சான் வேறு பக்கம் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. பங்க் பில்தான் கோளாறு. நெடுஞ்சாலையிலும் லிட்டருக்கு 10, பத்தரை கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கவில்லை. என் டீசலோ கொச்சி போய்வந்தால் அசால்ட்டாக 14 கொடுக்கும்.

ஒரு நாள் பொள்ளாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பெட்ரோல் 101.50, டீசல் 93 என்று வைத்துக்கொண்டால், அவருடைய ஓட்டத்துக்குப் பெட்ரோலில் வருடம் 2,51,000 ரூபாய், டீசலில் 1,73,000. மிச்சம் 78,000. என் ஓட்டத்துக்கு, நகரத்தில் டீசல் எட்டரை, பெட்ரோல் ஆறரை என்று போட்டால், டீசலில் 66,000, பெட்ரோலில் 94,000. வருடம் 28,000 ரூபாய் மிச்சம் பிடிக்க நான் மூன்று லட்சம் கூடக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அதை எடுக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். இதில் வடிகட்டிச் செலவு 69,000 சேரவில்லை.

உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த மனைவி சொன்னாள்: "ரெண்டு பேரும் வண்டியை மாத்திக்கிட்டா என்ன?"

2024 ஆகஸ்டில் மாற்றிக்கொண்டோம். ஆர்சி பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, இரண்டு இன்சூரன்ஸ் பெயர் மாற்றம். இதில் ஒன்று தெரிந்துகொண்டோம்: க்ளைம் எதுவும் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ க்ளைம் போனஸ், வண்டியோடு போகாது, ஆளோடுதான் போகும். விலை வித்தியாசத்துக்கு ஒரு டீலரிடம் மதிப்புக் கேட்டோம். 2022-ல் இரண்டுக்கும் நடுவே இருந்த மூன்று லட்சம் இப்போது ஒன்றரை லட்சமாகியிருந்தது. சொகுசு வண்டிச் சந்தையே பெட்ரோல் பக்கம் சாய்கிறது என்றார் அவர். அதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் ஆடி 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததோடு டீசலை விட்டுவிட்டது. வால்வோ 2024-ல் உலகம் முழுக்கவே டீசல் கார் செய்வதை நிறுத்திக்கொண்டது.

சரி, பெட்ரோல் எப்படி இருக்கிறது? அமைதி. முதல் நாள் சிக்னலில் நின்றபோது வண்டி ஆஃப் ஆகிவிட்டதோ என்று ஸ்டார்ட் பட்டனைத் தொடப் போனேன். டீசலில் காலையில் எழுப்பும்போது ஸ்டீயரிங்கில் வரும் அந்த லேசான நடுக்கம் இதில் இல்லை. ஐந்து கிலோமீட்டர் போய் அணைத்தால் எந்தச் சொகுசு வடிகட்டியும் கோபித்துக்கொள்வதில்லை. வால்பாறை ஏற்றத்தில் மட்டும் டீசல் ஞாபகம் வந்தது. அது மூன்றாம் கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிய இடத்தில் இது இரண்டுக்கு இறங்கிக் கத்திக்கொண்டு ஏறியது.

பெட்ரோல் என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலை போர்டிகோ தரையில் நீல நிறத்தில் நாலைந்து சொட்டு. தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பு, லேசாகத் தித்திப்பான வாசம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக், சூட்டில் விரிசல் விட்டிருக்கிறது. வாட்டர் பம்போடு சேர்த்து மாற்ற 52,000. பார்க்காமல் விட்டு எஞ்சின் சூடேறியிருந்தால் அந்தத் தொகைக்குப் பின்னால் இன்னொரு சைபர். மைலேஜும் 6.7-லிருந்து 6.3-க்கு இறங்கிவிட்டது. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சக்திதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 2020 மாதிரிப் பழைய வண்டி என்றால் அது இ20-க்குத் தயாரிக்கப்பட்டதா என்று பெட்ரோல் மூடியின் உட்புறமும் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டீசல் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். "2020 வண்டி சார், 14,000-தான் ஓடியிருக்கு, டாக்டர் வண்டி" என்று சொன்னால் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது. நான் வாங்கியதே அப்படி ஒன்றுதான். நகரத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிய டீசல். எனக்கு முன்னாலேயே வடிகட்டி பாதி நிறைந்திருக்க வேண்டும். அதே விலைக்கு 70,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி ஒன்று ஈரோட்டில் நின்றது, மீட்டரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன். ஸ்கேனரில் கரியின் அளவு, சாம்பலின் அளவு, கடைசியாக எரிப்பு முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆனது, மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது, அதுதான் வடிகட்டியின் உண்மையான வயது. டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல்களில் இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவு பாதி காணாமல் போகும்.

வண்டி எங்கே ஓடியது என்று கண்டுபிடிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. அது தற்செயலாகத்தான் எனக்குத் தெரிந்தது. வண்டிகளை மாற்றிக்கொண்டபோது ஃபாஸ்டேகை மாற்ற மறந்துவிட்டோம். மூன்று மாதம் மச்சான் டோல் தாண்டும்போதெல்லாம் என் போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. வியாழன் விடிகாலை பன்னியங்கரை டோலில் ஒன்று, கொஞ்ச நேரத்தில் பாலியேக்கரை, சாயங்காலம் திரும்ப அதே வரிசை. என்னிடம் இருந்த இரண்டரை வருடத்தில் அந்த வண்டிக்கு வந்த டோல் எஸ்எம்எஸ் மொத்தத்தையும் தேடி எண்ணிப் பார்த்தேன். பெருந்துறை டீ பயணங்களையும் சேர்த்து அறுபதுகூட இல்லை. மச்சான் அந்த மூன்று மாதத்திலேயே அதைத் தொட்டுவிட்டார். விற்பவரிடம் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் கேளுங்கள் என்று நான் இப்போது சொல்வது அதனால்தான். காசு என் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது என்பதை மச்சான் இன்னும் கவனிக்கவில்லை.