சீனக் கடன் எவ்வளவு? பாஸ்டன் கணக்கும் வர்ஜீனியா கணக்கும்

சீனா வெளிநாடுகளுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 1.34 லட்சம் கோடி டாலர் என்று இருக்கும், இன்னோரிடத்தில் 49,800 கோடி டாலர் என்று இருக்கும். இரண்டுமே பல்கலைக்கழக ஆய்வு மையங்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எண்ணியவை. பெரிய எண் வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தின் எய்ட்டேட்டாவுடையது. சிறிய எண் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் உலக வளர்ச்சிக் கொள்கை மையத்துடையது. எது சரி என்று பட்டிமன்றம் வைப்பதில் பயனில்லை. எண்ணிய பொருளே வேறு.

எய்ட்டேட்டாவின் 2023 பதிப்பு 2000 முதல் 2021 வரையிலான காலத்துக்கு, 165 நாடுகளில் 20,985 திட்டங்களைப் பதிந்திருக்கிறது. கடன் மட்டுமில்லை, நன்கொடையும் அதில் உண்டு. கொடுத்தது எந்தச் சீன அரசு அமைப்பாக இருந்தாலும் சேரும்: எக்ஸிம் எனப்படும் சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கி, சீன மேம்பாட்டு வங்கி, ஐசிபிசி போன்ற வணிக வங்கிகள், மத்திய வங்கி எல்லாமே. வாங்கியது அரசாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு திட்டத்துக்காகத் தொடங்கிய கூட்டு நிறுவனம் வாங்கியிருந்தாலும் பதிவாகும்.

பாஸ்டனின் உலகளாவிய தொகுப்பு இரண்டே வங்கிகளைப் பார்க்கிறது, எக்ஸிமும் மேம்பாட்டு வங்கியும். 2008 முதல் 2021 வரை, அரசுகளும் அரசு நிறுவனங்களும் வாங்கிய அல்லது அரசு உத்தரவாதம் கொடுத்த கடன்கள் மட்டும். ஆப்பிரிக்காவுக்குத் தனித் தொகுப்பு உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சீன-ஆப்பிரிக்க உறவை ஆராயும் டெபோரா பிரௌட்டிகம் தொடங்கியது, 2021இல் பாஸ்டனுக்கு மாறியது. அதில் வணிக வங்கிகளும் சேர்த்தி. 2000 முதல் 2023 வரை 49 ஆப்பிரிக்க அரசுகளுக்கும் 7 வட்டார அமைப்புகளுக்கும் 1,306 கடன்கள், மொத்தம் 18,228 கோடி டாலர். இந்த இரண்டு பாஸ்டன் தொகுப்புகளையும் ஒட்டுப்போட்டு ஒரே வரைபடத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடக்கூடாது. ஒன்றில் கடன் கொடுத்தவர் இருவர், மற்றதில் பலர்.

அதிகம் பிழை நடப்பது எய்ட்டேட்டாவின் எக்செல் கோப்பில்தான். திறந்ததும் தொகைப் பத்தியைக் கீழ்வரை கூட்டிவிடுகிறார்கள். அந்தக் கோப்பில் வெறும் அறிவிப்போடு நின்றவை, ரத்தானவை, பழைய கடனை ஒத்திவைத்ததைக் குறிக்கும் வரிகள் எல்லாமே இருக்கும். ஒத்திவைப்பையும் கூட்டினால் ஒரே கடன் இரண்டு தடவை விழும். கூட்டுத்தொகையில் சேர்க்கலாமா என்று ஆம், இல்லை சொல்லும் பத்தி ஒன்று தனியாக இருக்கிறது. முதலில் அதில் ‘ஆம்’ மட்டும் வடிகட்ட வேண்டும்.

அடுத்த பொறி விலைவாசி. எய்ட்டேட்டா தலைப்பில் சொல்லும் தொகை 2021ஆம் ஆண்டின் நிலையான டாலரில், அதாவது எல்லா ஆண்டுத் தொகையையும் 2021 விலைவாசிக்கு மாற்றி, இருக்கிறது. பாஸ்டன் தருவது கையெழுத்தான ஆண்டின் பெயரளவு டாலர், விலைவாசிக்கு ஏற்ப மாற்றாத தொகை. 2008இல் வாங்கிய கடன் முன்னதில் பருத்தும் பின்னதில் மெலிந்தும் தெரிவதற்கு இதுவே காரணம். எய்ட்டேட்டா கோப்பிலேயே பெயரளவுத் தொகைக்கும் பத்தி உண்டு. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் அதை எடுத்து, ‘கடன்’ வகையை மட்டும் வைத்து, கொடுத்தவர் இடத்தில் இரண்டு வங்கிகளை மட்டும் விட்டு, வாங்கியவரில் அரசு சார்ந்தவரை மட்டும் வைத்து, 2008–2021க்கு வெட்டுங்கள். இடைவெளி பெருமளவு சுருங்கிவிடும். மிஞ்சும் வித்தியாசத்தை வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஆள்பலத்தில் எய்ட்டேட்டா முன்னால் நிற்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நீண்ட விளக்கம், மூல ஆவணங்கள், தரத்துக்கு மதிப்பெண். வட்டி விகிதம், அடமானம் போன்ற நிபந்தனைகள் வேண்டுமென்றால் வேறு இடம் தேட வேண்டாம். 2021இல் ஜெர்மனியின் கீல் பொருளாதார ஆய்வு நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து 24 நாடுகளின் 100 ஒப்பந்தங்களை வரிக்கு வரி படித்தவர்கள் இவர்கள்தான். ஆனால் 2013இல் வந்த முதல் ஆப்பிரிக்கத் தொகுப்பு ஊடகச் செய்திகளை நம்பிக் கட்டப்பட்டது, அதை அப்போதே பிரௌட்டிகம் வறுத்தெடுத்தார். வெளிப்படையாக நடந்த அந்தச் சண்டையில் லாபம் நமக்கு. பின்வந்த பதிப்புகளில் அரசு ஆவணங்களின் பங்கு கூடியது. பாஸ்டன் கோப்பில் பதிவுகள் குறைவு. அரசுக் கடன் மட்டுமே வேண்டும் என்றால் வடிகட்டும் வேலையும் குறைவு. அரசின் கடன் சுமை பற்றி எழுதுகிறவர் பாஸ்டனில் தொடங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று. இவை கையெழுத்தான தொகையைக் காட்டுகின்றன, கைக்கு வந்த பணத்தை அல்ல. கானா 2011இல் சீன மேம்பாட்டு வங்கியோடு 300 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அதில் பாதியைப் பின்னால் அரசே கைவிட்டது. இன்றைய நிலுவை எவ்வளவு என்ற கேள்விக்கு இரண்டு கோப்புகளும் உதவாது. அதற்கு உலக வங்கியின் கடன் புள்ளிவிவரத்துக்குப் போக வேண்டும். அங்கே விடுவித்த தொகை, அசல், வட்டி, நிலுவை எல்லாம் ஆண்டுவாரியாக உண்டு. ஆனால் கடன் வாங்கிய நாடு எழுதிக் கொடுத்தது மட்டுமே அங்கே ஏறும். வளரும் நாடுகளுக்குச் சீனா கொடுத்த கடனில் ஏறக்குறைய பாதி அங்கே பதிவாகவில்லை என்று ஹார்ன், ரைன்ஹார்ட், ட்ரெபெஷ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2019இல் காட்டினார்கள்.

இலங்கையை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு 10 சதவீதம்தான் என்று வெகுநாள் சொல்லப்பட்டது. 2022 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு, 2021 முடிவில் அது 740 கோடி டாலர், பொது வெளிநாட்டுக் கடனில் 19.6 சதவீதம் என்று கணக்கிட்டது. பழைய எண் எக்ஸிம் கடனை மட்டும் ‘சீனா’ என்று எண்ணியது. மேம்பாட்டு வங்கியின் கடன் வணிகக் கடன் பட்டியலில் கிடந்தது. அரசு நிறுவனங்கள் வாங்கியது மத்திய அரசின் கணக்கில் ஏறவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு எக்ஸிம் கொடுத்த 30.67 கோடி டாலர், வட்டி 6.3 சதவீதம். 2017இல் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு வந்த 112 கோடி டாலர் இந்தக் கடனை அடைக்கப் போகவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. ஆகவே குத்தகை முடிந்ததென்று அந்த வரியைக் கோப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள், கடன் திறைசேரியின் (இலங்கை அரசுக் கருவூலத்தின்) தலையில்தான் இருந்தது.

இலங்கையின் கடன் நிபந்தனைகளை மாற்றியமைத்த மறுசீரமைப்பிலும் இதே பிரிவினை. எக்ஸிம் 2023 அக்டோபரில் சுமார் 420 கோடி டாலருக்குத் தனியாக உடன்பட்டது. மேம்பாட்டு வங்கியின் சுமார் 330 கோடி டாலர் வணிகக் கடனாகக் கருதப்பட்டு 2024 டிசம்பரில்தான் முடிந்தது. அரசுக் கடன் கொடுத்தோர் பட்டியலில் மட்டும் சீனாவைத் தேடினால் இந்த இரண்டாவது தொகை கண்ணிலேயே படாது. பாஸ்டன் தொகுப்பில் இரண்டு வங்கியும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும்.