நாகர்கோவிலில் ஒரு ஞாயிறு ஒளிப்பட வகுப்பு

நாகர்கோவிலில் ஓர் ஒளிப்பட நிலையம் ஞாயிறுதோறும் நடத்தும் விமர்சன வகுப்புக்கு, கன்னியாகுமரியில் விடியற்காலையில் நான் எடுத்த 133 அடி திருவள்ளுவர் சிலைப் படத்துடன் சென்றிருந்தேன். "அருமை" என்று சொல்லி அனுப்பிவிடாமல், தொடுவானம் சரிந்திருப்பதையும், வெளிச்சத்தை வானத்துக்கு அளந்ததால் சிலை கறுத்துப்போனதையும் ஆசிரியர் சுட்டிக்காட்டினார். அதற்கு முன், நிழலுருவாக எடுப்பதுதான் உங்கள் நோக்கமா என்று என்னிடமே கேட்டது மிகவும் பிடித்திருந்தது. சிலையின் நுணுக்கம் வேண்டுமென்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, சற்றுக் கூட்டி, கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுக்கச் சொன்னார். மாத்தூர் தொட்டிப் பாலத்தை எடுத்து வந்த இளைஞரின் படத்தில் "ஏதோ குறைகிறது" என்றேன். எது என்று சொல்லாத கருத்தை இங்கே ஏற்பதில்லை என்று திருப்பிவிட்டார்கள், நியாயம்தான். கடைசியாக வந்த படங்களுக்கு நேரம் போதவில்லை. படங்களைக் காட்டிய திரையும் சற்று மஞ்சளடித்தது.