ஒரே தாளில் முன்பள்ளியும் தரம் ஒன்றும்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தரம் 1 படிப்பிக்கிறேன். ஊரின் முன்பள்ளி ஆசிரியைகளும் குடும்ப நல உத்தியோகத்தரும் நாங்களும் சேர்ந்து, பிள்ளைகளைப் பற்றி ஒரே பதிவைச் சில வருடங்களாகப் பாவித்து வருகிறோம். முல்லைத்தீவு, மாங்குளம் பக்க ஆசிரியர்கள் விசாரிப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்ததும் தருகிற சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறை, உயரம், தடுப்பூசி, எப்போது நடந்தது, எப்போது கதைத்தது எல்லாம் இருக்கும். முன்பள்ளியில் தனி இடாப்பு, தனிக் குறிப்பு. ஐந்து வயது முடிந்து தரம் 1க்கு வந்தால், முதல் வாரங்களில் பிள்ளையை இனங்காணும் விளையாட்டுகளைச் செய்து நாங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். இந்த ஏற்பாட்டுக்கு முன், ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் கண்ணால் கண்டதில்லை.

எங்கள் ஏற்பாடு சிறியது. கோபோ கலெக்ட் செயலியில் தமிழில் ஒரு படிவம். சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பி வைக்கலாம், இணைப்பு வந்ததும் போய்ச் சேரும். அந்த வசதிக்காகவே அதை எடுத்தோம். வரவு, சொன்னதைக் கேட்டுச் செய்வது, கதை சொல்வது, மற்றப் பிள்ளைகளோடு சேர்வது, பென்சில் பிடிப்பது, அவ்வளவுதான் படிவம். மாதம் ஒருமுறை அச்செடுத்த தாளை நடுவில் வைத்து எல்லோரும் இருந்து கதைப்போம்.

மிகவும் உதவியது வரவு நிரல். சில பிள்ளைகள் மாதாமாதம் ஒரே நாளில் வராமல் விட்டார்கள். அக்கறையில்லாத வீடுகள் என்றுதான் முன்பள்ளியில் நினைத்திருந்தார்கள். தாளைப் பார்த்த குடும்ப நல உத்தியோகத்தர் உடனே சொன்னார்: "டீச்சர், இது பெரியாக்களின்ர பிரஷர் கிளினிக் நாளெல்லோ." அந்த வீடுகளில் அம்மாமார் விடியவே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பிள்ளையைக் கூட்டி வருவது அம்மம்மா. அவர் மருந்துக்கு வரிசையில் நிற்கிற நாளில் பிள்ளையும் கூடவே நிற்கும். மாதத்தில் ஒரு நாள்தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே வழியில் தேடிப் பார்த்தபோது, மாரியில் அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம் கூடுகிற கிழமைகளிலும் இதே வீடுகள்தான் விடுபட்டிருந்தன. இப்போது அயலிலுள்ள ஒரு தாய் தன் பிள்ளையோடு அவர்களையும் கூட்டி வருகிறார்.

இன்னொரு பிள்ளை. 'சொன்னதைக் கேட்டுச் செய்வது' மாதக்கணக்கில் குறைவாகவே விழுந்தது. பிடிவாதம் என்று குறிப்பு. சுகாதாரப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தபோதுதான் கைக்குழந்தையிலிருந்தே அடிக்கடி காதில் சீழ் வந்தது தெரிந்தது. வைத்தியசாலைக்கு அனுப்பினோம். காது கேட்பது குறைவு என்று உறுதியானது. இன்று அந்தப் பிள்ளை என் வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறது, பாட்டுக்கு முதலில் எழும்புவதும் அதுதான். இதற்குப் பிறகு, பதிவு வேலை வீண் என்று யார் சொன்னாலும் நான் விட்டுக்கொடுத்துக் கதைப்பதில்லை.

சரி, குறைகள். டேட்டாக் காசு முன்பள்ளி ஆசிரியைகளின் கையிலிருந்தே போகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு சிறியது என்று வன்னியில் எல்லோருக்கும் தெரியும். இது அநியாயம், யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். முன்பொரு நிறுவனம் டேப்லெட் தந்து, நிறையக் கேள்விகளோடு பதிவு எடுத்தது. திட்டம் முடிந்ததும் பதிவும் அவர்களோடு போய்விட்டது, எங்கள் கையில் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அதனால் இப்போது மாதாந்தத் தாள் கட்டாயம் முன்பள்ளி அலுமாரியில் இருக்கும்.

பெற்றோர் பலருக்கு இது பரீட்சை மாதிரித் தெரிகிறது. "என்ர பிள்ளைக்கு எத்தனை மார்க்ஸ்?" என்று கேட்கிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலின் பதற்றம் மூன்று வயதுவரை இறங்கிவிட்டது. கூட்டுத்தொகை, எத்தனையாம் பிள்ளை என்பது இரண்டையும் படிவத்திலேயே வைக்கவில்லை, கேட்டாலும் சொல்வதில்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரு நிரல் சேர்த்தோம்: 'யார், என்ன செய்வது'. அது வெறுமையாக இருந்தால் கூட்டம் முடியாது. அப்புறம் இரகசியம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவையும் சுகாதாரத் தரவையும் விசேட பாதுகாப்பு வேண்டியவையாகவே வகுக்கிறது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குகிறோம். செயலியில் பிள்ளையின் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். வாட்ஸ்அப், வைபர் குழுக்களில் தாளைப் படம் எடுத்துப் போடுவதை முற்றாக நிறுத்திவிட்டோம்.

வேலைக்காக இடம் மாறுகிற குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்னும் கைநழுவிப் போகிறார்கள். போகும்போது தாளின் பிரதியைச் சுகாதாரப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்து அம்மாவிடம் கொடுக்கிறோம். அப்படித் தாள் கையில் கிடைத்த வவுனியா ஆசிரியை ஒருவர் அழைத்துப் பிள்ளையைப் பற்றி நெடுநேரம் கதைத்தார், படிவத்தையும் கேட்டு வாங்கினார். வேறு யாருக்கும் வேண்டுமென்றாலும் தரலாம். கேள்விகளை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், வரவு நிரலை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.