பொத்தானா, கேட்டுப் பெறும் ஊசியா?

அரிவாள் செல் நோய் (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ள பெரியவர் ஒருவர் கடும் வலியோடு அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு எனும் வலுவான வலிநீக்கி மருந்தைச் செவிலியரிடம் கேட்டு ஊசியாகப் பெறலாம்; அல்லது நோயாளியே பொத்தானை அழுத்தி இரத்த நாளம் வழியே ஏற்றிக்கொள்ளும் பம்பைப் பயன்படுத்தலாம்.

கேட்டுப் பெறும் ஊசியில், வலி திரும்பி, மணியடித்து, செவிலியர் வந்து மருந்தை எடுத்துப் போடும் வரை நோயாளி துடிக்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி கேட்பவரைப் போதைக்கு அடிமையானவர் என்று சந்தேகிப்பதும் உண்டு, அது பெரும் அநீதி. பம்பில் மருத்துவர் குறித்த சிறு அளவு உடனே இறங்கும். பின்னர் பூட்டு நேரம் முடியும்வரை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு சொட்டும் இறங்காது. நோயாளி அயர்ந்து தூங்கினால் பொத்தானும் அழுத்தப்படாது என்பதே இதன் முக்கியமான பாதுகாப்பு. ஆகவே உறவினர் எவரும் அவருக்காக அழுத்தவே கூடாது.

அமெரிக்காவின் 2014 வழிகாட்டுதல் கேட்டபோது மட்டும் கொடுப்பதைவிடப் பம்பையோ, நேரம் தவறாத மருந்தையோ பரிந்துரைக்கிறது. எனது தேர்வும் பம்புதான். ஆனால் வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், பம்புக்காகக் காத்திராமல், ஊசி போட்டே ஆகவேண்டும். எதைத் தேர்ந்தாலும் மூச்சின் வேகத்தையும் மயக்க நிலையையும் இடைவிடாமல் கவனிக்க வேண்டும்.