வால்வு ப்ரீஆம்ப்: டியூப் எம்பியா, சோலோ 610-ஆ?

குரல் பதிவுக்கு வால்வு ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலை வெற்றிடக் குழாய், அதாவது வால்வு, வழியே பெருக்கும் கருவி) வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, வால்வுக்கு எவ்வளவு மின்னழுத்தம் கிடைக்கிறது என்பதைத்தான். ஏஆர்டி டியூப் எம்பியில் 12ஏஎக்ஸ்7 வால்வு குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறது. பெருக்கும் வேலையில் பெரும்பகுதி ஐசி சில்லுகளுடையது. வால்வு ஒலிக்குச் சற்றே நிறம் சேர்க்கிறது. கெயினை, அதாவது பெருக்கும் அளவை, அதிகம் ஏற்றினால் கரகரப்பு வந்துவிடும்.

யுனிவர்சல் ஆடியோவின் சோலோ 610 அப்படியல்ல. ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னம் 1960 வாக்கில் வடிவமைத்த 610 மிக்ஸிங் மேசையின் வழிவந்தது. உயர் அழுத்தத்தில் இயங்கும் வால்வுகள். உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் டிரான்ஸ்பார்மர்கள். கெயினை ஏற்றி, வெளியே போகும் லெவலைத் தணித்துப் பாருங்கள், குரல் மெல்லத் தடிக்கும். அந்தத் தடிப்புக்காகத்தான் நான் வால்வைத் தேடுகிறேன். பழைய வால்வு ரேடியோ கேட்டு வளர்ந்த காது அதை உடனே அடையாளம் காணும்.

விலை பல மடங்கு. வீட்டில் பழகவும் பாஸ் கிடாரை நேரடியாகப் பதிவுசெய்யவும் டியூப் எம்பி போதும். பாடகர்களுக்காகவே நடத்தும் ஸ்டூடியோ என்றால், சில மாதங்கள் பொறுத்தாவது சோலோ 610-ஐயே வாங்குங்கள்.